தெருவுக்கு அடியில் ஓர் ஆறு

நான் ரொறன்ரோவுக்குப் போனது ஊர் பார்க்க அல்ல. என் தம்பி யோகனுக்கு ஒரு கலியாணத்தைப் பேசி முடிக்கத்தான் போனேன். அவனுக்கு நாற்பது கடந்துவிட்டது. அந்த நகரத்தில் ஓர் அறை வீட்டில் தனியாக இருக்கிறான். எங்கள் அம்மா கண்மூடுவதற்கு முன் என் கையைப் பிடித்து, "அவன் தனியக் கிடந்து போயிடாமப் பாத்துக்க மகள்" என்றார்; நான் ஓம் என்றபின்தான் போனார். அதன் பிறகு எங்கள் ஊர்க் கண்ணகை அம்மனுக்கு ஒரு நேர்த்தி வைத்தேன். "தாயே, அவனுக்கு ஒரு துணையைக் காட்டு. வைகாசிச் சடங்கில் உன் வாசலில் பொங்குகிறேன்."

சித்திரை பிறந்து சில நாட்களே ஆகியிருந்தன. களுவாஞ்சிகுடியில் வெயில் மண்டையைப் பிளக்கும் காலம் அது. இங்கே விமான நிலையத்தில் கார் நிறுத்தும் இடத்தின் மூலையில் கறுப்பாக ஒரு குவியல் கிடந்தது. "இது என்ன, கரியா?" என்று கேட்டேன்.

"பனி அக்கா," என்றாள் என் தங்கை இந்திரா. "போன மாசத்துப் பனி. ஊத்தை பிடிச்சுக் கிடக்கு."

பனிக்கும் அழுக்குப் பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் அறிந்தேன்.

இந்திரா மல்வேர்னில் வரிசை வீடு ஒன்றில் இருக்கிறாள். அவளுடைய கணவருக்கு மிசிசாகாப் பக்கம் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலை. ஷிப்ட் முடிந்து வருகிறவரும் ஷிப்டுக்குப் போகிறவளும் வாசலில் சந்தித்துச் சாவியைக் கைமாற்றுவதுதான் அந்த வீட்டுக் குடித்தனம். காலையில் கடையிலிருந்து இடியப்பம் வந்தது. சொதி ஒரு டப்பா, சம்பல் ஒரு டப்பா. குளிரில் ஆவி பறக்க இடியப்பம் விற்கிறார்களே என்று நான் வாயைப் பிளந்தேன்.

"இஞ்ச கிடைக்காதது ஒண்டே ஒண்டுதான் அக்கா."

"என்னடி?"

"நித்திரை."

அன்று மாலை கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வெளியிலிருந்து பார்த்தால் பண்டகசாலை. பக்கத்துக் கதவில் டயர் மாற்றுகிறார்கள். இந்தக் கதவைத் திறந்தால் பிள்ளையார், எண்ணெய் மணம், மணியோசை. இரும்புக் கூரைக்குக் கீழே வந்து குடியிருக்க அவருக்கு ஒரு கூச்சமும் இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னலோரமாக ஒரு மஞ்சள் கயிறு போவதைக் கண்டேன். பொருள் தொங்கவிடத்தான் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்து, அர்ச்சனைப் பையை அதில் மாட்டினேன். மணி அடித்தது. பஸ் நின்றது. ஒருவரும் இறங்கவில்லை. மறுபடி புறப்பட்டது, பை ஆடியது, மணி அடித்தது. இந்திரா திரும்பிப் பார்த்துத் தலையில் கை வைத்தாள். "அக்கா, அது பஸ்ஸ நிப்பாட்டுற கயிறு!" சாரதி ஆங்கிலத்தில் ஏதோ சொல்ல, பஸ்ஸே சிரித்தது. என்ன சொன்னார் என்று கேட்டேன். "அந்த அம்மாவின் பைக்கு எங்கே இறங்க வேண்டும் என்று கேளுங்கள்" என்றாராம்.

அடுத்த நாள் யோகனிடம் போனோம். போகும் வழியெல்லாம் இந்திரா அவனைப் பற்றியே பேசினாள். "அவன் ஒரு மாதிரி அக்கா. போன வருஷம் டொக்டரிட்டப் போய், எனக்கு ஓட்டிசம் எண்டு எழுதி வாங்கிற்று வந்து, இப்பதான் நிம்மதியா இரிக்கு எண்டான். இப்பிடி ஒண்டு இரிக்கெண்டு கேட்டு நிம்மதியாகிற ஆள நீங்க கண்டிருக்கீங்களா?"

நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். ஓட்டிசம் என்ற சொல் எனக்குப் புதிது; பிறவியிலேயே மூளை வேறு விதமாக வேலை செய்வதாம். ஆனால் யோகன் சிறுவயதிலிருந்தே ஒரு மாதிரிதான். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் அவனைச் சாமி தந்த மூளை என்றார். முகம் பார்த்துப் பேசுகிறான் இல்லை என்று பிரம்பால் அடித்தவரும் அதே வாத்தியார்தான். இப்போது வீட்டிலிருந்தே கணினியில் ஒரு கம்பனிக்கு வேலை செய்கிறான். பலர் சேர்ந்து கிழமைக் கணக்கில் பார்ப்பதை ஒரே நாளில் முடித்துவிட்டு, மீதி நேரம் சும்மா இருப்பானாம்.

அவன் வீடு உயர்ந்த கட்டடம் ஒன்றின் ஒன்பதாம் மாடியில் இருந்தது. ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு கதிரை. நான் உள்ளே போனதும் அந்தக் கதிரையை எனக்குத் தந்துவிட்டு நின்றான். ஏழு வருடத்துக்குப் பிறகு காண்கிறேன். கட்டிப்பிடிக்கப் போனேன். தோளைக் கொஞ்சம் சாய்த்துத் தந்தான், அவ்வளவுதான். "அக்கா, தேத்தண்ணிக்குச் சீனி ரெண்டு கரண்டி," என்றான். மறக்கவில்லை.

இந்திரா போனபின் நான் அவனோடு தங்கினேன். தினமும் ஒரே சாப்பாடு சாப்பிடுகிறான்: சோறு, பருப்பு, அவித்த முட்டை, வெள்ளரிக்காய். ஒன்றோடு ஒன்று முட்டாமல் தட்டில் நாலு திசையில் வைத்துக்கொள்கிறான். என் மனம் கேட்கவில்லை. அவன் குளிக்கப் போன நேரம் நண்டுக்கறி வைத்தேன். வெளியே வந்தவன் சுவரோடு சாய்ந்து நின்றுவிட்டான்.

"அக்கா, மணம் சத்தம் போடுது."

"மணம் எப்பிடித் தம்பி சத்தம் போடும்?"

"எனக்குப் போடும்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். நண்டை மூடிக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டு, நானும் அவனுடைய பருப்பையே தின்றேன்.

அன்றைக்கே விஷயத்தைச் சொன்னேன். பெண்ணின் பெயர் தேவகி. பெற்றோர் எங்கள் மட்டக்களப்புப் பக்கம், இப்போது இல்லை. முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். நகரத்துக்கு வெளியே மார்க்கம் என்ற ஊரில் அவள் பெயரில் வீடு இருக்கிறது. எங்கள் பக்கத்து வழக்கம் தெரியும்தானே, கலியாணம் முடித்த ஆண் பெண்ணின் வீட்டுக்குப் போய் இருப்பான். ஆகவே யோகன் இந்த அறையை விட்டு மார்க்கத்துக்குப் போகவேண்டும். அதில் நான் ஒரு குறையும் காணவில்லை.

"வெள்ளிக்கிழமை உன்னப் பாக்க ஆக்கள் வருவாங்க."

"எத்தின பேர்?"

"பொம்பிளையும் அவளிட பெரியம்மாவும். இந்திரா கூட்டிற்று வருவாள்."

"எவ்வளவு நேரம் இரிப்பாங்க?"

"என்னடா கேள்வி. சோறு தின்னுற நேரம்."

"அது ஒரு நேரமில்ல அக்கா," என்றான். வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை, "என்னோட நடக்க வாறீங்களா?" என்று கேட்டான். அவன் தானாக ஒன்றுக்கு அழைத்தது அதுவே முதல் தடவை. சேலைக்கு மேல் இந்திராவின் குளிர்ஜக்கெட்டை மாட்டிக்கொண்டு போனேன்.

இரண்டு தெரு தாண்டியதும் நின்றான். "இந்த வீடுகளப் பாருங்க." பார்த்தேன். அழகான செங்கல் வீடுகள். பிறகுதான் கண்டேன், ஒரு வீடு பக்கத்து வீட்டின் தோளில் சாய்ந்து நின்றது. அதன் படிகள் ஒரு பக்கம், கதவு ஒரு பக்கம். இன்னும் கொஞ்சம் நடந்தபின் ஒரு பெரிய மரத்தைக் காட்டினான். கிளையெல்லாம் நிலத்தை நோக்கித் தொங்குகிற மரம். "இது எங்கட மருதமரம் மாதிரி, தண்ணியத் தேடுற சாதி. இஞ்ச தண்ணி எங்க இரிக்கு?"

சுற்றிப் பார்த்தேன். தெரு, கார், கம்பிவேலி. தண்ணீர் எங்கும் இல்லை.

தெருவின் நடுவில் வட்டமான இரும்பு மூடி ஒன்று கிடந்தது. காரில்லாத நேரம் பார்த்து அதனருகில் குந்தினான். என்னையும் குந்தச் சொன்னான். மூடியின் துளையில் காதை வைத்தேன்.

அம்மாளாச்சி! கீழே ஆறு போய்க்கொண்டிருந்தது. சலசல என்ற ஓடைச் சத்தம் அல்ல. மாரியில் வாவி நிரம்பி முகத்துவாரம் உடைத்துப் பாயும்போது வருமே, அந்த இரைச்சல். பனி கரைந்த தண்ணீர் முழுவதும் அதில் போகிறதாம். முன்னொரு காலத்தில் இது வெளியில் ஓடிய ஆறு. நகரம் வளர, குழாயில் இறக்கி மண் போட்டு மூடி, மேலே தெருவும் வீடும் கட்டிவிட்டார்கள். ஒரு பாலத்தைக்கூட இடிக்காமல் அப்படியே புதைத்திருக்கிறார்களாம். ஆறு மட்டும் நிற்கவில்லை. அது போன வழியில் வீடுகள் சாய்கின்றன, மரம் அதைக் கண்டுபிடித்துக் குடிக்கிறது.

"இதெல்லாம் உனக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லல்ல. தெரு பதியிற இடத்தப் பாத்தன். ஏன் இஞ்ச பதியுது எண்டு யோசிச்சன். மறுகாதான் புத்தகத்தில பாத்தன். சரியா இருந்திச்சு." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "இப்ப இதுக்குள்ள சாக்கடையும் கலந்துதான் போகுது அக்கா. நீங்க கும்பிட்டிருவீங்க எண்டுதான் சொல்றன்."

நான் அதற்குள் கும்பிட்டுவிட்டேன். கங்கையில் கலக்காததா? பிரயாகையில் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு நதி வந்து சேர்கிறது என்று கோயில் பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். கேட்டுத் தலையாட்டியிருக்கிறேன். காதால் கேட்டது இங்கேதான்.

நாயோடு வந்த வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி நின்று, ஏதாவது விழுந்துவிட்டதா என்று விசாரித்தாள். இல்லை, கேட்கிறோம் என்றான் யோகன். அவள் நாயின் கயிற்றை என் கையில் தந்துவிட்டுத் தானும் குனிந்தாள். நிமிர்ந்தபோது அவள் முகம் மாறியிருந்தது. "பதினைந்து வருடமாக இந்தத் தெருவில் இருக்கிறேன்," என்றாளாம்.

வெள்ளிக்கிழமை வந்தது. விடிந்ததும் முழுகி, அறையைத் துடைத்து, மைக்ரோவேவின் மேல் அம்மன் படத்தை வைத்து விளக்கேற்றினேன். நல்ல காரியம் பேசும் வீட்டில் சாம்பிராணி மணக்க வேண்டாமா? தமிழ்க்கடையில் வாங்கிய கரித்துண்டை அடுப்பில் பழுக்கவைத்துத் தூள் போட்டேன். யோகன் குளியலறையில் இருந்தான். கூரையில் ஒட்டியிருந்த வெள்ளை வட்டம் கீச்சிடத் தொடங்கியது. ஜன்னலோ ஒரு சாண் அளவுக்குமேல் திறக்காது. புகை போகட்டும் என்று வாசற்கதவை அகலத் திறந்து, முந்தானையால் வெளி நடைக்கு விசிறிவிட்டேன்.

அதுதான் பிழை. நடையிலிருந்த பெரிய அலாம் அடித்தது. அடுத்த நொடி கட்டடம் முழுவதும் அடித்தது. உலகம் முடிகிற சத்தம். யோகன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வெளியே வந்தான். அவன் முகத்தை நான் சொல்லமாட்டேன். என்னைத் தாண்டி, வீட்டுச் செருப்போடும் மெல்லிய சட்டையோடும் படியில் இறங்கி ஓடினான்.

நான் தட்டுத்தடுமாறிக் கீழே வந்தபோது கட்டடமே நடைபாதையில் நின்றது. துவாய் சுற்றிய தலை, பூனைக்கூடு, அரைகுறையாகச் சவரம் செய்த முகம். அந்தக் கூட்டத்தின் நடுவில் பலகாரத் தட்டோடு இந்திரா, தேவகி, பெரியம்மா.

"இதென்ன பிள்ளை, மாப்பிள்ளை பாக்க வந்தா கட்டிடமே வெளியில வந்து நிக்குது!" என்றார் பெரியம்மா. யாழ்ப்பாணத்தில் வாழ்க்கைப்பட்டவர், குரல் மணி மாதிரி. "உந்தா போறார், உவர்தானே மாப்பிள்ளை? உவர் எங்க ஓடுறார்?"

யோகன் எங்களைப் பார்க்கவே இல்லை. தெருமூலையில் திரும்பி மறைந்துவிட்டான். தீயணைப்பு வண்டி வந்தது. கோடரியோடு மேலே போனவர் இறங்கி வந்தபோது ஒரு கிழவர் என்ன எரிந்தது என்று கேட்டார். இந்திரா எனக்குச் சொன்னாள்: "யாரோ கடவுளுக்குப் புகை போட்டார்களாம்" என்று அவர் சொன்னாராம். அதற்குக் கிழவர், "கடவுளுக்கு நிச்சயம் கேட்டிருக்கும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மழை தூறத் தொடங்கியது. யாரோ என் கையில் ஒரு கம்பளிச் சால்வையைத் திணித்தார்கள். தேவகி. தன் கழுத்திலிருந்து கழற்றியிருந்தாள். "ஜக்கெட் இல்லாமப் போறார் அக்கா. இதக் குடுங்க. நாங்க அந்தக் கோப்பிக்கடையில இருக்கிறம், அவசரமில்ல." ஒரு சொல் கூடவோ குறையவோ இல்லை. நல்ல பிள்ளை. அதுதான் என்னை இன்னும் வருத்தியது.

ஆங்கிலத்தில் தெருப்பெயர் வாசிக்கத் தெரியாத எனக்கு அவனை எங்கே தேடுவது என்று புரியவில்லை. தண்ணீர் போகிற பக்கம் போவோம் என்று, சந்திக்குச் சந்தி நின்று, எந்தத் தெரு பதிகிறதோ அதில் இறங்கினேன். அம்மன் பெயரைச் சொல்லிக்கொண்டே நடந்தேன். சாய்ந்த வீடு ஒன்று வந்தது. பிறகு இன்னொன்று. கடைசியில், சட்டி போலக் குழிந்த ஒரு பூங்கா. அதன் அடியில், புல்லின் நடுவே ஓர் இரும்பு மூடியருகில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தான்.

சால்வையைப் போர்த்தினேன். பேச வாயெடுத்தேன், பேசாமல் பக்கத்தில் ஈரப்புல்லில் இருந்தேன். எனக்கு அது லேசான காரியம் அல்ல. கீழே ஆறு இரைந்தது. அவனுடைய மூச்சு மெல்ல மெல்ல அந்த இரைச்சலோடு சேர்ந்து சீராவதை நான் என் கண்ணால் கண்டேன்.

பிறகு அவனே பேசினான். "நான் தனிய இரிக்கன் எண்டு எல்லாரும் அழுறீங்க. ஆக்களுக்குள்ள இரிக்கக்குள்ளதான் அக்கா நான் தனிய. என்ன சொல்லணும், எங்க பாக்கணும், எப்ப சிரிக்கணும் எண்டு யோசிச்சு யோசிச்சு, கடைசியில நான் எண்டு ஒருத்தன் மிஞ்ச மாட்டான். இஞ்ச வந்தா நான் முழுசா இரிக்கன். ஒரு பெரிய விஷயம் ஓடிற்று இரிக்கு, ஒருத்தரும் பாக்கல்ல, நான் கேட்டுக்கொண்டிரிக்கன். அது எனக்குக் காணும், வேற ஒண்டும் வேணாம்."

நழுவிய சால்வையை அவன் தோளில் இழுத்துவிட்டேன்.

"ஆனா நீங்க அம்மாட்டச் சொல்லிற்றீங்க. அம்மனுக்கும் சொல்லிற்றீங்க," என்றான். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "உங்களுக்கு அது பாரமா இரிந்தா நான் கட்டுறன் அக்கா. மார்க்கத்துக்குப் போறன். அங்க காரில்லாம ஏலா, இஞ்ச வர ஏலாது. பரவாயில்ல. நான் சமாளிப்பன்."

கடல் தாண்டி வந்தது அந்த ஒரு சொல்லுக்காக. கையில் வந்து விழுந்துவிட்டது. நான் 'ஓம்' என்றால் போதும். இந்திரா துள்ளுவாள், ஊரில் பந்தல் போடலாம், அம்மாவின் படத்துக்கு முன் நிமிர்ந்து நிற்கலாம். அவன் நடுக்கத்தை அடக்கிக்கொண்டு என் பதிலுக்குக் காத்திருந்தான். சமாளிப்பான்தான். வாத்தியாரின் பிரம்பையும் அப்படித்தான் சமாளித்தான்.

எங்கள் ஊரில் ஒருவர் மௌனவிரதம் இருந்தால் காலில் விழுந்து கும்பிடுகிறோம். குகையில் இருந்தவர்களுக்குக் கோயில் கட்டுகிறோம். சொந்தத் தம்பி என்றால் மட்டும் பெண் பார்க்கிறோம்.

"வேணாம் மனே," என்றேன், பெற்ற மகனைக் கூப்பிடுவதுபோல. "எழும்பு. குளிருது."

அவன் என் முகத்தைப் பார்த்தான். நேராக, கண்ணுக்குள். பிறந்ததிலிருந்து அப்படிப் பார்த்த ஞாபகம் எனக்கில்லை.

யோகனை வீட்டில் விட்டுவிட்டு, கோப்பிக்கடையில் பெரியம்மாவுக்கு நானே போய்ச் சொன்னேன். "கடல் தாண்டி வந்து, புகையைக் காட்டி எங்களை மழையில நிப்பாட்டிப்போட்டு, இப்ப இல்லையெண்டுறியளோ!" என்று கேட்டார். கேட்கட்டும், நியாயம்தான். இந்திரா எழுந்து கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள். தேவகி மட்டும், "அவர் நடுங்காம வந்து சேந்தவரோ?" என்று கேட்டாள். சால்வையை நீட்டினேன். "அவரே வைச்சிருக்கட்டும்," என்றாள். அவளுக்கு நல்லதொரு வாழ்க்கை கிடைக்க வேண்டும் என்று இன்றைக்கும் விளக்கேற்றும்போது கேட்கிறேன்.

வைகாசியில் நான் பொங்கத்தான் போகிறேன். துணையைக் காட்டு என்றுதான் அம்மனிடம் கேட்டேன். அவள் காட்டிவிட்டாள். நான் எதிர்பார்த்த உருவில் இல்லை, அவ்வளவுதான். அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று மட்டும் இன்னும் யோசிக்கிறேன்.

சனிக்கிழமை அவன் பின்னால் ஏரி வரைக்கும் நடந்தேன். வழியில் நாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏரி என்றார்கள், எனக்கு அது கடலாகவே தெரிந்தது, மறுகரை இல்லை. குனிந்து ஒரு கை அள்ளி வாயில் வைத்தேன். உப்பில்லை. இத்தனை தண்ணீர், ஒரு துளி உப்பில்லை. தலையில் தெளித்துக்கொண்டேன். யோகனின் தலையிலும் தெளித்தேன். துடைக்காமல் நின்றான்.

புறப்படுகிற நாள் இந்திரா கீழே காரில் காத்திருந்தாள். விமான நிலையத்துச் சத்தம் அவனுக்கு ஏலாது என்று நானே சொல்லி, லிப்ட் வரைக்கும் மட்டும் வரச்சொன்னேன். பெட்டியை உள்ளே வைத்துவிட்டு, கதவு மூடாமல் கையால் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, அடுத்த முறையும் பனி கரையிற நேரம் வாங்க. தண்ணி கூடப் போகும்."

"வாறன் தம்பி."

"இந்திராட்ட நிக்க வேணாம். என்னோட நில்லுங்க." லிப்டின் கதவு அவன் கையை இடித்துத் திரும்பியது. "மூண்டு நாள். அதுக்கு மேல எனக்கு ஏலா."

"மூண்டு நாள் காணும் மனே," என்றேன்.

கையை எடுத்தான். கதவு மூடியது. உள்ளே அழுக்குத்துணிக் கூடையோடு நின்ற பெண் என் கண்ணீரைப் பார்த்து அவளுடைய மொழியில் ஏதோ கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மூன்று விரலை நிமிர்த்திக் காட்டிச் சிரித்தேன். என்ன விளங்கியதோ, அவளும் கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு மூன்று விரலைக் காட்டிச் சிரித்தாள்.